பருத்திப் பொதியும் கப்பற் கூலியும்

நம் சங்கங்களின் பொதுக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. “வெளி வியாபாரி கண்டிக்கு நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று வீட்டு வாசலுக்கே வருகிறான், அப்படியிருக்க, என் பருத்தியை நான் ஏன் சங்கத்துக்குப் போடவேண்டும்?” என்று விவசாய அங்கத்தினர் கேட்கிறார். “தனி முதலாளி நூலை மலிவாகக் கொடுக்கிறார், நான் ஏன் சங்கத்தின் நூலுக்குக் காத்திருக்கவேண்டும்?” என்று நெசவாள அங்கத்தினர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. அதைக் கேட்பவரைத் துரோகி என்று ஏசுவதால் விடை கிடைத்துவிடாது. விடை தேடுவோருக்கு உதவக்கூடும் என்று எண்ணி, நூற்று நாற்பது ஆண்டு வயதைக் கடந்துவிட்ட ஒரு கப்பற் கம்பெனியின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அது ஜப்பான் நாட்டுக் கம்பெனி. ஆயினும் அதன் வாழ்வை நிர்ணயித்தது நம் நாட்டுப் பருத்தி.

இரண்டு கோடுகள் உள்ள கொடி

நிப்பான் யூசென் கைஷா என்பது அக்கம்பெனியின் பெயர். ஜப்பான் அஞ்சற் கப்பற் கம்பெனி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வெள்ளைத் துணியில் இரண்டு சிவப்புக் கோடுகள் கொண்டது அதன் கொடி. அவ்விரு கோடுகளும் இரண்டு கம்பெனிகள் ஒன்றாய்ச் சேர்ந்ததைக் குறிக்கின்றன.

முதலாவது, இவாசாகி யதாரோ என்பவர் 1870-ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பல் தொழில். பிற்காலத்தில் உலகறிந்த மித்சுபிஷி நிறுவனங்களுக்கு அதுவே வித்து. அரசாங்கத்தின் ஆதரவால் அது விரைவில் வளர்ந்து, ஜப்பானியக் கடலோர வாணிபத்தில் ஏகபோக உரிமை கொண்டாடும் நிலையை எய்தியது. கூலி ஏறியது, சரக்கு அனுப்புவோர் முணுமுணுத்தனர். அவர்களது மனக்குறையையும் அரசியல் மாறுதலையும் துணையாகக் கொண்டு 1882-இல் கியோதோ உன்யு கைஷா என்ற இரண்டாவது கம்பெனி தோன்றியது. “கியோதோ” என்ற சொல்லுக்குக் கூட்டு என்பது பொருள்.

அடுத்த இரண்டாண்டுகளுக்கு மேல் இரண்டும் ஒன்றையொன்று வீழ்த்தப் போராடின. கூலியை ஒருவர் குறைத்தால் மற்றவர் அதனினும் குறைத்தார். பிரயாணிகளும் வணிகர்களும் முதலில் மகிழ்ந்தனர். ஆனால் இரு கம்பெனிகளும் திவாலாகும் நிலையை அடைந்தன. இரண்டும் வீழ்ந்தால் ஜப்பானியக் கடல் வாணிபம் மீண்டும் அயல்நாட்டார் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய அரசாங்கம் இரண்டையும் இணைத்து வைத்தது. 1885 அக்டோபர் முதல் தேதியன்று புதிய கம்பெனி 58 நீராவிக் கப்பல்களோடு வேலையைத் தொடங்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே இவாசாகி காலமாகிவிட்டார். தாம் தொடங்கிய தொழில் பகைவனோடு கைகோத்ததை அவர் காணவில்லை.

கூலிப் போர் எத்தகையது என்பதைப் பிறந்தபோதே அறிந்த கம்பெனி அது. அதனினும் கொடிய போர் அதற்கு வெளிக்கடலில் காத்திருந்தது.

ஆலைக்குப் பஞ்சு வேண்டும்

ஒஸாகா நகரில் 1883-ஆம் ஆண்டு 10,500 கதிர்களோடு ஒரு நூற்பாலை ஓடத் தொடங்கியது. அதை முன்னின்று நிறுவியவர்களுள் முதன்மையானவர் ஷிபுசாவா எய்ச்சி. வங்கியாளராகவும் பல நிறுவனங்களின் தோற்றுநராகவும் விளங்கிய அவரது உருவமே 2024 முதல் ஜப்பானின் பதினாயிரம் யென் நோட்டில் அச்சிடப்படுகிறது. ஒஸாகா ஆலை லாபம் ஈட்டியது கண்டு மேலும் பல ஆலைகள் எழுந்தன. ஜப்பானில் விளைந்த பருத்தி அவற்றுக்குப் போதவில்லை. சீனத்துப் பஞ்சை வாங்கிப் பார்த்தார்கள். பின்னர் 1889-இல் ஒரு தூதுக்குழு நம் நாட்டுக்கு வந்து பருத்தி விளையும் வட்டாரங்களையும் சந்தைகளையும் ஆராய்ந்து சென்றது. இந்தியப் பருத்தியே ஏற்றது என்பது முடிவாயிற்று.

பருத்தி பம்பாயில் குவிந்து கிடந்தது. ஆலைகள் கோபேயிலும் ஒஸாகாவிலும் இருந்தன. இடையில் இருந்ததோ கடல். அந்தக் கடலில் சரக்கு ஏற்றும் உரிமையை மூன்று கம்பெனிகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன: ஆங்கிலேயரின் பி. அண்டு ஓ. கம்பெனி, ஆஸ்திரியாவின் லாயிட் கம்பெனி, இத்தாலியரின் ருபாத்தினோ கம்பெனி. மூன்றும் ஒன்றுகூடி ஒரே கூலியை விதித்தன. டன்னுக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் இருந்தது அக்கூலி. பஞ்சின் அடக்க விலையில் அது கணிசமான பங்காகும்.

கப்பற் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

இவ்விடத்தில் கப்பல் தொழிலின் நடைமுறையைச் சிறிது விளக்குதல் நலம்.

சரக்குக் கப்பல்களில் இரு வகை உண்டு. கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு, கிடைத்த துறைமுகத்துக்குப் போவது ஒரு வகை. வாடகை வண்டிக்கு அதை ஒப்பிடலாம். குறித்த நாளில், குறித்த வழியில், குறித்த துறைமுகங்களைத் தொட்டுச் செல்வது மற்றொரு வகை. இது அட்டவணைப்படி ஓடும் பேருந்தைப் போன்றது. சரக்கு நிறையாவிட்டாலும் இரண்டாம் வகைக் கப்பல் புறப்பட்டே ஆகவேண்டும். நிலக்கரிச் செலவு, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம், இன்ஷூரன்ஸ் ஆகிய எல்லாம் நிறைந்த கப்பலுக்கும் பாதி நிறைந்த கப்பலுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் இத்தகைய கம்பெனிக்குக் கப்பலைக் காட்டிலும் அருமையானது, தவறாமல் வந்துகொண்டிருக்கும் சரக்கு. போகும்போது சரக்கு இருந்து, திரும்பும்போது வெறுங்கப்பலாய் வந்தாலும் நஷ்டமே.

கூலியை எடையைக் கொண்டு மட்டும் கணக்கிடுவதில்லை. இரும்பு போன்ற கனமான பண்டங்களுக்கு எடைக் கணக்கு. பஞ்சு, துணி போன்ற இலேசான பண்டங்களுக்குக் கன அளவுக் கணக்கு. நாற்பது கன அடி இடத்தை ஒரு டன் என்று கொள்வது நெடுநாள் வழக்கம். இதன் விளைவைப் பருத்தி விளைப்போர் அறிந்திருத்தல் வேண்டும். டன்னுக்கு 16 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். தளர்த்தியாகக் கட்டிய பொதி ஒன்று 20 கன அடி இடத்தை அடைத்தால், அதற்குக் கூலி 8 ரூபாய். அதே பஞ்சை யந்திரத்தில் இட்டு அழுத்தி 10 கன அடிக்குள் அடக்கினால், கூலி 4 ரூபாய். துறைமுகங்களிலும் பருத்தி நகரங்களிலும் பிரஸ்கள் எழுந்ததன் காரணங்களுள் இது முக்கியமானது.

கட்டிப்போடும் கழிவு

மூன்று கம்பெனிகள் கூடிக் கூலியை உயர்த்தினால், நான்காவது கம்பெனி ஒன்று வந்து குறைந்த கூலிக்கு ஏற்றிச் செல்லாதா என்று அன்பர்கள் கேட்கலாம். அதைத் தடுப்பதற்கென்றே கப்பல் முதலாளிகள் ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்திருந்தனர். கல்கத்தா வழியில் 1870-களில் தொடங்கிய அந்த வழக்கம் பின்னர் பல கடல்களுக்கும் பரவியது. ஒத்திவைத்த கழிவு என்று அதைச் சொல்லலாம்.

ஒரு வணிகர் ஆறு மாத காலத்தில் 5,000 ரூபாய் கூலி கொடுத்திருக்கிறார் என்று கொள்வோம். நூற்றுக்குப் பத்து வீதம் 500 ரூபாய் அவருக்குக் கழிவு. ஆனால் அது உடனே கைக்கு வராது. அடுத்த ஆறு மாதமும் தம் சரக்கு முழுவதையும் அதே கூட்டத்தாரின் கப்பல்களிலேயே அவர் அனுப்பவேண்டும். அதன் பிறகே முதல் ஆறு மாதக் கழிவு கிடைக்கும். அதற்குள் இரண்டாம் ஆறு மாதக் கழிவும் சேர்ந்து நிற்கும். இடையில் ஒரே ஒரு பொதியை வேறு கப்பலில் அனுப்பிவிட்டாலும் இரண்டு கழிவும் போய்விடும். ஆகவே வணிகரின் பணத்தில் ஒரு பகுதி எந்நாளும் கப்பல் முதலாளிகளிடம் பிணையாக நின்றது. அவரது பணமே அவரைக் கட்டும் கயிறாயிற்று.

இந்த ஏற்பாட்டைப் பற்றி எழுந்த முறையீடுகளின் பேரில் பிரிட்டிஷ் அரசாங்கம் 1906-இல் ஒரு விசாரணைக் கமிஷனையே நியமிக்க நேர்ந்தது. 1909-இல் அது தன் அறிக்கையைத் தந்தது. எனினும் வழக்கம் நின்றுவிடவில்லை.

தாதாவின் கப்பல்கள்

பம்பாயில் ஜம்ஷெட்ஜி தாதா இக்கூலியால் துன்புற்றவர்களுள் ஒருவர். நாகபுரியில் 1877-இல் ஆலை நிறுவியவர் அவர். சீனத்துக்கு நூல் அனுப்பும் வாணிபத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 1893-இல் அவர் ஜப்பானுக்குச் சென்று நிப்பான் யூசென் கம்பெனியாரைச் சந்தித்தார். பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் இடையே புதிய கப்பல் வழி தொடங்கவேண்டும் என்பது அவருடைய யோசனை. கம்பெனியார் உடனே தலையசைத்துவிடவில்லை. “நீரும் எங்களுக்குச் சமமாக நஷ்டத்தில் பங்கேற்று, உம்முடைய கப்பல்களையும் ஓட்டுவீராயின் வருகிறோம்” என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. தாதா இணங்கினார். ஆனி பாரோ, லிண்டிஸ்பார்ன் என்ற இரு கப்பல்களை அவர் வாடகைக்கு அமர்த்தினார். 1893 நவம்பரில் நிப்பான் யூசென் கம்பெனியின் ஹிரோஷிமா மாரு என்ற கப்பல் கோபேயிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. ஜப்பானியக் கம்பெனி நெடுந்தூரக் கடலில் நடத்திய முதல் ஒழுங்கான சேவை அதுவே.

பழைய கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கூலி படிப்படியாகச் சரிந்து, இறுதியில் டன்னுக்கு ஒன்றரை ரூபாய் என்ற நிலைக்கு வந்தது. தாதாவின் கப்பலிலும் ஜப்பானியக் கப்பலிலும் சரக்கு அனுப்பமாட்டோம் என்று கையெழுத்திட்ட வணிகர்களுக்குத் தனிச் சலுகை அளிக்கப்பட்டது. லிண்டிஸ்பார்ன் கப்பல் பஞ்சு ஏற்றத் தகுதியற்றது என்ற வதந்தியும் உலவியது. அரசாங்கத்திடமிருந்து அஞ்சல் சேவைக்காக மானியம் பெறும் ஒரு கம்பெனி, அந்தப் பலத்தைக் கொண்டு நாட்டு வணிகரை நசுக்குவது முறையா என்று தாதா முறையிட்டார். கூலிப் போரைப் பற்றித் துண்டுப் பிரசுரமும் வெளியிட்டார். பயன் இல்லை.

ஒன்றரை ரூபாய்க் கூலி நிலைக்கக்கூடியதன்று என்பதைப் பம்பாய் வணிகர்கள் அறியாதவர்கள் அல்லர். புதிய கப்பல்கள் விலகிய மறுநாளே பழைய கூலி திரும்பும் என்பது வெளிப்படை. ஆயினும் ஒவ்வொருவரும் தனித்தனியே கணக்குப் பார்த்தனர். “என் ஒருவன் பொதியால் தாதாவின் கப்பல் மிதக்கப் போகிறதா? மற்றவர் மலிவாக அனுப்பும்போது நான் மட்டும் அதிகம் கொடுத்தால் சந்தையில் நிற்க முடியுமா?” என்று ஒவ்வொருவரும் எண்ணினால், அந்த எண்ணம் தனித்தனியே சரியானதாகவும் மொத்தத்தில் தற்கொலையாகவும் முடியும். நிகழ்ந்ததும் அதுவே. தாதாவின் கப்பல்களுக்குச் சரக்குக் குறைந்தது, நஷ்டம் பெருகியது, சில காலத்துக்குள் அவர் அந்தத் தொழிலையே கைவிட நேர்ந்தது.

நிப்பான் யூசென் நிலைத்தது எப்படி?

இனித்தான் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி வருகிறது. அதே கடல், அதே ஒன்றரை ரூபாய்க் கூலி. ஜப்பானியக் கம்பெனி மட்டும் எவ்வாறு தாக்குப் பிடித்தது?

பெரிய கம்பெனி, ஆழ்ந்த பணப்பை என்பது ஒரு காரணம். அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அதற்கு முன்பே வேறொரு காரியம் நடந்திருந்தது. ஜப்பானிய நூற்பாலைகள் 1882 முதலே ஒரு சங்கமாகக் கூடியிருந்தன. கப்பல் புறப்படுமுன் அச்சங்கமும் நிப்பான் யூசென் கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சங்கத்து ஆலைகள் பம்பாயிலிருந்து வாங்கும் பருத்தியை அக்கம்பெனியின் கப்பல்களிலேயே கொண்டுவருவது; ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு பொதிகளுக்குக் குறையாமல் கொடுப்பது; கம்பெனி ஒழுங்காகக் கப்பல் விடுவது. இவ்வளவே அதன் சாரம்.

போட்டியாளர் கூலியைத் தரைமட்டத்துக்குக் குறைத்தபோது அந்தச் சங்கத்து ஆலைக்காரர்களுக்கும் ஆசை எழாமல் இருந்திருக்காது. அவர்களும் லாபம் கருதித் தொழில் செய்தவர்களே. எனினும் சங்கம் ஒப்பந்தத்தை விடவில்லை. இன்று மிச்சமாகும் சில ரூபாய்கள் நாளை எத்தனை ரூபாயாய்த் திரும்பிப் பிடுங்கப்படும் என்ற கணக்கைத் தனி ஆலை போடவில்லை. எல்லா ஆலைகளும் ஓரிடத்தில் அமர்ந்து போட்டன. தாதாவிடமும் கப்பல் இருந்தது. நிப்பான் யூசென் கம்பெனியிடம் கப்பலும் இருந்தது, அதில் ஏறுவதற்கு வாக்களிக்கப்பட்ட பொதியும் இருந்தது. வேற்றுமை இதுதான்.

1896-இல் பழைய கம்பெனிகள் சமரசத்துக்கு வந்தன. பம்பாய் வழியில் நிப்பான் யூசென் கம்பெனிக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டன.

அதே ஆண்டு ஜப்பானிய அரசாங்கம் கப்பல் ஓட்டுதலுக்கும் கப்பல் கட்டுதலுக்கும் மானியம் தரும் சட்டங்களை இயற்றியது. அதே ஆண்டிலேயே அக்கம்பெனி ஐரோப்பாவுக்கும், அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் வழிகளைத் திறந்தது. 1898-இல் நாகசாகியில் சுமார் 6,000 டன் கொண்ட ஹிதாச்சி மாரு கட்டி முடிக்கப்பட்டது. பெருங்கடற் கப்பலை ஜப்பானியர் தாமே கட்டவல்லவர் என்பதற்கு அதுவே முதற் சான்று.

மறுபக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் கூறி நிறுத்தினால் அது வரலாறு ஆகாது. கூலிக் கூட்டத்தால் துன்புற்ற நிப்பான் யூசென், சமரசத்துக்குப் பின் அதே கூட்டத்தில் தானும் ஓர் அங்கத்தினனாய் அமர்ந்தது. வாசலுக்கு வெளியே நின்று நியாயம் கேட்டவர், உள்ளே இடம் கிடைத்ததும் வாசலைச் சாத்திக்கொள்வது உலக வழக்கு.

நம் நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. பருத்தி தடையின்றிச் சென்றது. ஜப்பானிய ஆலைகள் பெருகின. 1897-இல் ஜப்பான் இறக்குமதி செய்த நூலைக் காட்டிலும் ஏற்றுமதி செய்த நூல் மிகுந்துவிட்டது. நாளடைவில் சீனச் சந்தையிலிருந்து பம்பாய் நூல் பின்வாங்கியது. பஞ்சை விற்றவர் நாம். அப்பஞ்சு நூலாகி நம் நூலையே துரத்தியது.

மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றபின் அந்தச் சங்கத்தின் ஒற்றுமையை நம் விவசாயிகள் நேராகவே உணர்ந்தனர். ஜப்பானியத் துணி இந்தியச் சந்தையில் மலிந்து, ஆலைகளையும் கைத்தறியையும் வாட்டியது. 1933 ஜூனில் பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிக்கு இந்திய அரசாங்கம் நூற்றுக்கு 75 வீதம் தீர்வை விதித்தது. உடனே ஜப்பானிய நூற்பாலைச் சங்கம் இந்தியப் பருத்தியை வாங்குவதில்லை என்று முடிவு செய்தது. இந்தியப் பருத்திக்கு அக்காலத்தில் ஜப்பானே மிகப் பெரிய வாடிக்கை. 1934 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது: தீர்வை 50 வீதமாகக் குறைந்தது, ஜப்பான் ஆண்டுக்குப் பத்து லட்சம் பொதி பருத்தி வாங்கினால் 32½ கோடி கஜம் துணி அனுப்பலாம், பதினைந்து லட்சம் பொதி வாங்கினால் 40 கோடி கஜம் வரை அனுப்பலாம் என்று ஏற்பாடாயிற்று. அத்தனை ஆலைகளும் ஒரே குரலில் “வாங்கோம்” என்று சொல்ல முடிந்தது. எதிரே நின்ற லட்சக்கணக்கான விவசாயிகளுக்கு “விற்கோம்” என்று சொல்ல ஒரு குரல் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு, 1935-இல், சென்னை மாகாணத்துக் கைத்தறி நெசவாளர்களுக்கென்று மாகாணக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைப்பது அதையே.

தூத்துக்குடியில் நிகழ்ந்தது

தாதாவைத் தளர்த்திய ஆயுதத்தைத் தமிழகமும் கண்டிருக்கிறது. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் முயற்சியால் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. பங்கு ஒன்று 25 ரூபாய்; பங்குகள் 40,000; மூலதனம் பத்து லட்சம். பெருந்தனவந்தர் மட்டுமன்றிச் சிறு வருவாயினரும் பங்கு கொள்ளவேண்டும் என்ற நோக்கம் அந்த 25 ரூபாயில் தெரிகிறது. 1907-இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. கொழும்பு வழியில் அதுகாறும் தனியாட்சி செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது.

அங்கே மக்கள் சுதேசிக் கப்பலைக் கைவிட்டனர் என்று கூறுவது பொருந்தாது. வணிகரும் பிரயாணிகளும் பெரிதும் ஆதரித்தனர். ஆனால் 1908 மார்ச்சில் தலைவர் சிறைப்பட்டார். ஆட்சியின் கடுமை கம்பெனியின் மேலும் விழுந்தது. 1911-க்குள் கம்பெனி முடிவுற்றது. உறுதி மட்டும் இருந்து, நீண்ட போரைத் தாங்கும் பணமும் அரசின் நடுவுநிலைமையும் இல்லாதபோது உறுதியும் தோற்கும் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

இன்றைய நிலை

நிப்பான் யூசென் கம்பெனியின் பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறி முடிப்போம். இரண்டாம் உலகப் போரில் அதன் கப்பல்கள் இராணுவப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை கடலில் மூழ்கின. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் உயிரிழந்தனர். 1930-இல் கட்டிய ஹிகாவா மாரு மருத்துவக் கப்பலாய்ப் பணிபுரிந்து போரில் தப்பியது. இன்று யோகோஹாமாத் துறைமுகத்தில் காட்சிப் பொருளாய் நிற்கிறது. 1964-இல் மித்சுபிஷி கப்பற் கம்பெனி இதனோடு இணைந்தது. 1968-இல் ஹக்கோனே மாரு என்ற கப்பல் ஜப்பானின் முதல் முழுக் கொள்கலக் கப்பலாய்க் கலிபோர்னியாவுக்குச் சென்றது.

கொள்கலம் என்பது ஒரே அளவில் செய்த இரும்புப் பெட்டி. பொதிகளைத் தலைச்சுமையாய் ஏற்றி, கப்பலின் அடித்தளத்தில் ஒவ்வொன்றாய் அடுக்கிய காலம் அதனோடு மறைந்தது. ஆலை வாசலிலேயே பெட்டியை நிறைத்துப் பூட்டி முத்திரையிட்டால், லாரியிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து ரயிலுக்கும் பெட்டியே மாறும். உள்ளிருக்கும் பண்டத்தை எவரும் தொடுவதில்லை. ஆனால் அதற்கான கப்பலும் துறைமுகமும் பெருமுதல் விழுங்குபவை. ஆகவே 2018 ஏப்ரலில் ஜப்பானின் மூன்று பெருங்கம்பெனிகள் தங்கள் கொள்கலத் தொழிலை ஒன்றாக்கி, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்தத் தொடங்கின. நூற்றுக்கு 38 பங்கு நிப்பான் யூசெனுக்கு. மற்ற இரண்டுக்கும் 31 வீதம். இரண்டு கோடுகளோடு பிறந்த கம்பெனி மீண்டும் ஓர் இணைப்பில்தான் பலம் தேடியது. கூலிக் கூட்டங்களுக்கு ஐரோப்பிய நாடுகள் தந்திருந்த சட்டப் பாதுகாப்பு 2008 அக்டோபரில் நீங்கியது.

இரு வகைக் கழிவு

இப்பொழுது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம்.

நம் சங்கங்களிலும் கழிவு உண்டு. ஆண்டு முடிவில், அவரவர் சங்கத்தோடு செய்த கொடுக்கல் வாங்கலின் அளவுக்கு ஏற்ப லாபத்தில் ஒரு பங்கு திரும்புகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் கப்பல் முதலாளிகளின் ஒத்திவைத்த கழிவைப் போன்றதே. இரண்டிலும் பணம் பின்னால் வருகிறது. இரண்டும் நிலையாக நின்றவருக்கே கிடைக்கின்றன. வேற்றுமை யாதெனில், கப்பல் முதலாளியின் பெட்டியில் இருந்த பணத்துக்கு வணிகர் கணக்குக் கேட்க முடியாது; கூலி எவ்வளவு என்பதை நிர்ணயிக்கவும் அவருக்கு உரிமை இல்லை. நம் சங்கத்தின் பெட்டிக்கு நாமே உரியவர். கணக்கைப் பொதுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லலாம். நிர்வாகக் குழுவை மாற்றலாம். முன்னது பிணை, பின்னது சேமிப்பு.

ஆனால் இந்த உரிமையை நாம் செலுத்தினால்தான் வேற்றுமையும் உண்டு. எடையில் குறை, நூல் வழங்குவதில் தாமதம், கூலி பட்டுவாடாவில் இழுத்தடிப்பு ஆகியவை உள்ள சங்கம் அங்கத்தினரின் உறுதியைக் கேட்கத் தகுதியற்றது. ஜப்பானிய ஆலைகள் ஒப்பந்தத்தில் நின்றன என்றால், கம்பெனியும் சொன்ன நாளில் கப்பலை விட்டது. உறுதி என்பது இரு முனையிலும் பிடிக்கவேண்டிய கயிறு. ஆகவே ஒவ்வொரு சங்கமும் பருவம் தொடங்குமுன் அங்கத்தினரைக் கூட்டி, இன்னார் இத்தனை பொதி தருவார், சங்கம் இன்ன நாளுக்குள் எடைபோட்டு இன்ன நாளில் முன்பணம் கொடுக்கும் என்று இருதரப்பிலும் எழுதிக் கையெழுத்திடுவது நன்று.

வெளி வியாபாரி கண்டிக்கு நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறான் என்றால், நாம் அவனை ஏசவேண்டாம். ஒன்றை மட்டும் கேட்டுப் பார்ப்போம். சங்கம் இல்லாத ஊரிலும் அவன் அந்த நூறு ரூபாயைத் தருகிறானா? தருவானாகில் அது சந்தையின் விலை. சங்கமும் அதைத் தர முயலவேண்டும். சங்கம் உள்ள ஊரில் மட்டுமே தருகிறான் என்றால், அது பம்பாய்த் துறைமுகத்தின் ஒன்றரை ரூபாய்க் கூலி. சங்கத்தின் கதவு சாத்தப்பட்ட மறுநாள் அந்த நூறு ரூபாய் இருக்காது.